டெஸ்பாட்ச் தீதியின் வாழ்த்து அட்டைகள்

ஜனவரி இரண்டாம் வாரம் முடிந்ததும் எங்கள் அலுவலகத்தில் வாழ்த்து அட்டைகளுக்கு மதிப்புப் போய்விடும். அதுவரை அதிகாரிகளின் மேஜைகளிலும் இரும்பு அலமாரிகளின் மேலும் கூடாரம் அடித்ததுபோல நின்றவை ஒரு சனிக்கிழமை மொத்தமாகக் குப்பைக்கூடைக்கு வரும். கூடை மாடிப்படி இறங்குவதற்கு முன் ஒருவர் அதை மறித்து வாங்கிக்கொள்வார். வெளித்தபால் அனுப்பும் டெஸ்பாட்ச் பகுதியில் இருந்த தமிழ்ப் பெண்மணி அவர்.

கல்கத்தாவில் டல்ஹவுஸி சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அலுவலகம். பம்பும் வால்வும் செய்யும் கம்பெனி. பட்டறை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹவுராவில். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையிலிருந்து வந்து அங்கே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தபோது, அவர் டெஸ்பாட்சில் பதினைந்து வருடம் முடித்திருந்தார். லேக் மார்க்கெட் பக்கம் தங்கையின் குடும்பத்தோடு இருந்தார். அப்பா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அலுவலகத்தில் வங்காளிகள் எல்லாரும் அவரை அக்கா என்ற அர்த்தத்தில் ‘திதி’ என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே பழகினேன். முதல் வாரம் வீட்டில் “இன்னைக்கு ஆபீஸ்ல திதி” என்று பேச்சைத் தொடங்கியதும் என் மனைவி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு யாருக்கு என்று கேட்டாள். அன்றிலிருந்து வீட்டில் முதல் எழுத்தை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். இங்கேயும் தீதி என்றே எழுதுகிறேன்.

மதியம் தயிர்சாத டப்பாவைக் கழுவி வைத்த பிறகு தீதி கத்தரிக்கோலை எடுப்பார். முதலில் அட்டையை மடிப்போடு இரண்டாக வெட்டுவார். கையெழுத்துப் போட்ட பாதியை நாலாகக் கிழித்துக் கூடையில் போடுவார். ஒருவருக்கென்று எழுதினது இன்னொருவர் கைக்குப் போகக்கூடாது என்பது அவர் கணக்கு. சாமி படம் போட்டவற்றை வெட்டவே மாட்டார். அவை முழுசாகக் கீழே மிட்டாய்க்கடைக்காரருக்குப் போகும். அவர் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொள்வார். மற்றவை எல்லாம் அளவு பார்த்துப் பிரிக்கப்படும். நீளமானவை புத்தகத்தில் வைக்கும் அடையாள அட்டை. அட்டையோடு வந்த பட்டுக்கயிறு அதற்கு வால். சின்னப் பூக்கள் பரிசுப் பொட்டலத்தில் பெயர் எழுதிக் கட்ட. மினுமினுப்பு ஒட்டியவை தங்கை வீட்டுக் கொலுவுக்கு. அந்தக் கொலுவில் சுவிட்சர்லாந்து மலைகளின் அடிவாரத்தில் செட்டியார் பொம்மை கடை விரித்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கெட்டியான அட்டைகள் எங்கள் ஃபைல்களுக்கு வரும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் காது அட்டைகளாக வெட்டி ஒட்டுவார். விடுப்பு விண்ணப்பங்களின் ஃபைலில் ஒரு சிவப்பு ரோஜா. விபத்து நஷ்டஈட்டு ஃபைலில் அன்னப்பறவை. ஒழுங்கு நடவடிக்கை ஃபைலில் தூங்கும் பூனைக்குட்டியின் பாதி முகம். ஒருமுறை தணிக்கைக்கு வந்த இளைஞர் இது என்ன வகைப்பாடு என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளப் பார்த்தார்.

சிக்கனம் என்று நாங்கள் முதலில் நினைத்தோம். அது இல்லை. தன் கைக்கு வந்த எதுவும் யாரிடமாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். தெருப்பெயர் தப்பாகி வந்த கடிதத்தைத் தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்காமல் தானே மூன்று தெரு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார். மழை நாளில் சீக்கிரம் கிளம்பியவர்களை மறுநாள் ஒவ்வொருவராக, எப்போது வீடு சேர்ந்தீர்கள் என்று கேட்பார். பதில் வரும்வரை நகரமாட்டார்.

என் மகள் காலில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் படுத்திருந்தபோது, எங்கள் டாலிகஞ்ச் வீட்டுக்கு ஒரு பை கொடுத்தனுப்பினார். படங்களின் ஓரம் முழுக்கப் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு, ஷூ லேஸ் கோத்துத் தைத்து விளையாடும் அட்டைகள். ஒரு பெரிய கப்பல் படம் முப்பது துண்டாக வெட்டிச் சேர்க்கும் புதிராகியிருந்தது. மகள் அன்று மாலையே அதைச் சேர்த்து முடித்தாள். ஒரு துண்டு இல்லை. குழந்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, டிராம் தண்டவாளத்தில் முழங்கால் மழைத்தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தீதி வாசலில் நின்றார். மேஜைக்கடியில் கிடந்தது என்று ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு விரல் அகலத் துண்டைக் கொடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார். என் மனைவி வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அம்மாவோடு எப்படித்தான் ஒரே வீட்டில் இருப்பார்களோ என்றாள். அது பாராட்டா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் இரண்டும் இருந்தது.

சங்கடமும் நடந்திருக்கிறது. எங்கள் தலைமை குமாஸ்தாவின் பேத்திக்கு முதல் சோறூட்டும் அன்னப்பிராசனம். பரிசுப் புத்தகத்துக்குள் தீதி தாமரைப் படத்தில் வெட்டிய அழகான அடையாள அட்டை ஒன்றை வைத்துக் கொடுத்தார். தலைமை குமாஸ்தா அந்தத் தாமரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன வருடம் டைரக்டருக்கு அவரே கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்து அனுப்பிய அட்டை அது. இரண்டு வாரம் அவர் தீதியோடு பேசவில்லை. தீதி வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. டைரக்டர் ஒரு தடவை பார்த்தார், இனி அந்தக் குழந்தை நூறு தடவை பார்க்கும் என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த வருடம் பட்டறையில் கதவடைப்பு வந்தது. எதனால் வந்தது, யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஐந்து மாதம் நீடித்தது. தலைமை அலுவலகத்தில் நாங்கள் தினமும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். பட்டறைத் தொழிலாளிகளில் உள்ளூர்க்காரர்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். பிகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்திருந்த நூற்று முப்பது பேருக்கு மேல் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

பிறகு திடீரென்று பேச்சுவார்த்தை முடிந்தது. நான்தான் அறிவிப்பை ஸ்டென்சில் வெட்டினேன். பட்டறை திறக்கிறது, பன்னிரண்டு நாளுக்குள் வந்து வேலையில் சேராதவர்கள் தாமாகவே விலகிவிட்டதாகக் கருதப்படுவார்கள். ஒரு பிரதி பட்டறைக் கதவில் ஒட்ட, இரண்டு பிரதிகள் கல்கத்தாப் பத்திரிகைகளுக்கு. டெஸ்பாட்சுக்கு வந்தது அவ்வளவுதான்.

தீதி அதைப் படித்துவிட்டு எங்கள் அதிகாரியின் அறைக்குப் போனார். ஊருக்குப் போனவர்களுக்குக் கடிதம் எப்போது வரும் என்று கேட்டார். அதிகாரி வங்காளி, நல்ல மனிதர்தான், எதிலும் ஒரு அடி பின்னால் நின்று பார்ப்பவர். பத்திரிகையில் வருகிறதே, தனித்தனியாக எழுத உத்தரவில்லை என்றார். தீதி தன் இடத்துக்கு வந்து வெளித்தபால் பதிவேடுகளைப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். விடுப்புக் கடிதம், சேமநிதிச் சீட்டு என்று எதற்காவது ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ஊர் விலாசத்துக்குத் தபால் போயிருக்கும். அத்தனையும் அவர் கையால் பதிந்தவை.

சனிக்கிழமை அரைநாள் முடிந்து நானும் என் மனைவியும் லேக் மார்க்கெட் வீட்டுக்குப் போனபோது கூடத்துத் தரை முழுக்க அட்டைகள். தபால் அட்டைக்கு என்ன அளவு இருக்கலாம் என்று அவருக்குத் தலைகீழாகத் தெரியும். படத்தை அந்த அளவுக்கு வெட்டினால் முன்பக்கம் படம், பின்பக்கம் எழுத இடம், தபால்தலை ஒட்டினால் தீர்ந்தது. ஆறேழு வருடத்து அட்டைகள் இருந்தன. நான் வெட்டினேன், மனைவி தபால்தலை ஒட்டினாள், தீதி எழுதினார். பட்டறை திறக்கிறது, இந்தத் தேதிக்குள் வாருங்கள். இரண்டே வரி. பிகார்க்காரர்களுக்கு இந்தியில் எழுதினார். ஒரிய எழுத்து அவருக்குத் தெரியாது. எங்கள் அலுவலக வாசல் காவலரான தர்வான் ஒரிசாக்காரர், அவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வந்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து, புள்ளி வைத்துக் கோலம் போடுவதுபோல, ஒவ்வொரு சுழியாகப் போட்டார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. கீழே ஓரத்தில் தன் வீட்டு விலாசத்தைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார். பெயர் போடவில்லை.

ஐந்தாம் நாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பட்டறை வாசலில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். பனி மூடிய மாதாகோயில், மெழுகுவர்த்தி, தாஜ்மகால், பூங்கொத்து. ஒருவருக்குப் போனது தங்க மணிகள். ஊரில் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்களாம். தபால்காரர் மரத்தடியில் நின்று வாசித்த பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். வாசல் காவலர்கள் அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். யார் அனுப்பியது என்று அதிகாரிக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் கேட்கவில்லை. கெடு முடிந்தபோது வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றே நினைத்தோம்.

அட்டைகளைத் தபாலில் போட்டு மூன்று வாரம் கழித்து ஒரு அட்டை தீதியின் வீட்டுக்குத் திரும்பி வந்தது. முன்பக்கம் பனியில் ஒரு மரவீடு. பின்பக்கம் விலாசத்தின் குறுக்கே, விவரம் போதாது என்று சிவப்பு மையில் அடித்திருந்தது. வார்ப்படப் பகுதியில் உதவியாளாக இருந்த தண்டபாணி என்பவருக்குப் போன அட்டை. பெயரைப் பார்த்து நம் பக்கத்துக்காரர் என்று நான் நினைத்திருந்தேன். கஞ்சாம் ஜில்லாவில் ஒரியாக்காரர்களுக்கும் அந்தப் பெயர் உண்டு என்று தீதிதான் சொன்னார். அவருடைய ஊர்ப் பெயரில் அந்த ஜில்லாவில் இரண்டு கிராமங்கள் இருந்தன. பதிவேட்டில் விலாசம் நாலு வரி. அட்டையில் இடம் போதாமல் தீதி மூன்று வரியாகச் சுருக்கியிருந்தார். விட்டுப்போனது தபால் ஆபீஸின் பெயர்.

அன்றே தந்தி கொடுத்தார். தண்டபாணி வந்து சேர்ந்தபோது கெடு முடிந்து நாள் கணக்காகிவிட்டது. வாசலில் உள்ளே விடவில்லை. அவர் ஆற்றைக் கடந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள். யாரையும் குறை சொல்லவில்லை. பத்திரிகை தன் ஊருக்கு வராது என்று மட்டும் தலைமை குமாஸ்தாவிடம் இரண்டு தடவை சொன்னார். தீதி தர்வானைக் கூட்டிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, திரும்பி வந்த அட்டையைக் காட்டி, இது உங்களுக்குப் போட்டது, விலாசத்தில் நான் ஒரு வரியை விட்டுவிட்டேன் என்று அவர் மூலம் ஒரியாவில் சொல்லவைத்தார். தண்டபாணி அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

தீதி அப்படி உண்மையைச் சொன்னதே அதிகம் என்று நான் நினைத்தேன். மறுநாள் காலை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் வைத்திருந்தார். தொழிலாளி வராததற்குக் காரணம் தன் பிழை, பதிவேட்டிலிருந்து விலாசம் எடுத்து அட்டைகள் அனுப்பியது தான்தான் என்று முழுவதும் இருந்தது.

“குடுக்காதீங்க தீதி,” என்றேன். “யாரு அனுப்பினதுன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல. எழுத்துல வந்துட்டா அவங்க கேட்டே ஆகணும்.”

“ஒரு வரியைக் குறைச்சது நான்தானே?”

“நீங்க அனுப்பாம இருந்தா மத்தவங்களும் வந்திருக்க மாட்டாங்களே.”

“வந்தவங்களுக்கு நான் இனி ஒண்ணும் செய்ய வேண்டாம்,” என்றார். “வராதவருக்குத்தான் செய்யணும்.”

கடிதத்தைக் கொடுத்தே விட்டார். அதிகாரி அவரைக் கூப்பிட்டபோது நான் அந்த அறையில்தான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். அதிகாரி குரலை உயர்த்தவில்லை. தொழிலாளிகளுக்குத் தெரிவிக்கச் சொல்லி கம்பெனி உங்களைக் கேட்கவில்லை, அப்படியிருக்க உங்கள் பிழை அந்த ஆளுக்கு எப்படிச் சாக்காகும் என்று கேட்டார். சட்டப்படி அது சரியான கேள்வி. தீதி வங்காள மொழியில் மெதுவாகப் பேசினார்.

“நூத்து முப்பது பேரும் அந்த அட்டையைப் பாத்துட்டுத்தான் வந்தாங்க. யாரு சொல்லி வந்தீங்கன்னு நீங்க ஒருத்தரையும் கேக்கல, உள்ள விட்டீங்க. இவரோட அட்டையும் அதே நாள் அதே பெட்டில போட்டதுதான்.”

சொல்லிவிட்டு அட்டையை மேஜைமேல் வைத்தார். அதிகாரி அதை எடுத்து சிவப்புக் குறியைப் பார்த்தார், திருப்பி மரவீட்டைப் பார்த்தார், மறுபடி விலாசத்தைப் பார்த்தார். நீங்கள் போகலாம் என்றார். தீதி போன பிறகு என்னிடம், இதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நாலாம் நாள் இரண்டு உத்தரவுகள் என் மேஜைக்கு வந்தன. தண்டபாணி கெடுவுக்குள் வந்ததாகக் கருதி பழைய சீனியாரிட்டியோடு வேலையில் சேர்க்கப்படுகிறார். அனுமதியின்றி அலுவலகப் பதிவேடுகளைப் பயன்படுத்தியதற்காக டெஸ்பாட்ச் குமாஸ்தா கண்டிக்கப்படுகிறார், ஹவுரா பட்டறையின் டைம் ஆபீஸுக்கு மாற்றப்படுகிறார். இரண்டையும் நான்தான் டைப் அடித்தேன். இரண்டாவதில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து, தாளை உருவிப் போட்டுவிட்டு மறுபடி அடித்தேன்.

வெளியே போகும் எந்தத் தாளுக்கும் டெஸ்பாட்சில் எண் போட வேண்டும். தீதியின் உத்தரவுக்கும் அப்படித்தான். நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்தார். பதிவேட்டைத் திறந்து எண் எழுதினார், தேதி முத்திரை குத்தினார், பெறுநர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு பேனாவை மாற்றாமல் பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

“நான்தான் டைப் அடிச்சேன்,” என்றேன்.

“தெரியும். உங்க மெஷின்ல ‘டி’ எப்பவும் கொஞ்சம் மேல ஏறித்தான் விழும்.” அவ்வளவுதான். தண்டபாணியின் உத்தரவு எங்கே என்று கேட்டு வாங்கி, அதற்கு அடுத்த எண்ணைப் போட்டார்.

பதினைந்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்த மேஜையை அவர் அரைமணி நேரத்தில் காலி செய்தார். கத்தரிக்கோல், பசை பாட்டில், மீதியிருந்த அட்டைகள் ஒரு துணிப்பையில். அவர் முகத்தில் ஏதாவது தெரியுமா என்று பார்த்தேன். தெரிந்தது. காலியான இழுப்பறையை இரண்டு தடவை திறந்து பார்த்து மூடினார். தர்வான் பையை வாங்கக் கையை நீட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை வருகைப் பதிவுப் படிவங்களைப் பட்டறையில் கொடுக்கவேண்டி நான் காலை லாஞ்சுப் படகில் ஹவுராவுக்குப் போனேன். ஆற்றில் இன்னும் பனிமூட்டம் இருந்தது. டைம் ஆபீஸ் வாசலை ஒட்டிய சின்ன அறை. கம்பி போட்ட ஜன்னல் ஒன்று. ஆட்கள் வரிசையாக வந்து பித்தளை டோக்கனை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு விநாடி போதும். அன்று வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. என்ன தகராறோ என்று பயந்துகொண்டு முன்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

முதலில் தண்டபாணி தொடங்கினாராம். டோக்கனை வைத்துவிட்டு நகராமல், கிராமம், தபால் ஆபீஸ், தாணா என்கிற போலீஸ் ஸ்டேஷன், ஜில்லா என்று தன் விலாசத்தை நாலு வரியும் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருக்கிறார். தீதி ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாராம். பின்னால் நின்றவரும் டோக்கனை வைத்துவிட்டுத் தன் விலாசத்தைச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின்னால் நின்றவரும். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார் என்று காவலர் சொன்னார்.

எட்டு மணிச் சங்கு ஊதியது. வரிசை கலையவில்லை. ஜன்னலுக்குள் தீதி தலையை நிமிர்த்தாமல், “தாணா?” என்று அடுத்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.